எலும்பும் மூளையும் பேசிக்கொள்கின்றனவா?

"எலும்பு தேஞ்சு போச்சுங்க." நாற்பது வயதைத் தாண்டிய நம் தோட்டப் பாட்டாளிகளில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. முட்டி வலித்தாலும் அதுதான். இடுப்பு பிடித்துக்கொண்டாலும் அதுதான். ஆனால் சொல்லும் வார்த்தை ஒன்று, நோய்கள் இரண்டு. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

முட்டியில் இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. வருடக்கணக்கில் காண்டா வாளி சுமந்தவர்களுக்கும், மேடு பள்ளத்தில் குலை தள்ளியவர்களுக்கும் அது தேய்கிறது. இது மூட்டுத் தேய்மானம். வலி இருக்கும். இன்னொன்று, எலும்பின் உள்ளே இருக்கும் கெட்டித்தனமே குறைந்து சல்லடை போல ஆவது. இதற்கு வலி கிடையாது. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்போதுதான் தெரியவரும். நாம் இங்கே பேசப்போவது இந்த இரண்டாவது நோயைப் பற்றி. இந்த நோய்க்கும் தலைக்குள் இருக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி.

"எலும்புக்கும் மூளைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. சுமார் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆராய்ச்சிக்கூடங்களில் இதுதான் பேச்சு, சண்டையும் கூட. நமக்கும் இதில் ஒரு விஷயம் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டுவலிக்கென்று பாசார் மாலாமிலும் வீட்டு வாசலிலும் விற்கப்படும் சில மருந்துகள், எலும்பையும் மூளையையும் ஒரே நேரத்தில் கெடுக்கின்றன. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் எலும்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்புக்குள் மறுநடவு

எலும்பைச் செத்த கட்டை என்று நினைக்கிறோம். அது தவறு. எலும்பு எந்நேரமும் மறுநடவு நடந்துகொண்டிருக்கும் ஒரு தோட்டம். பழைய மரத்தைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே வேலை. சாய்ப்பதற்கு ஒரு வகை உயிரணுக்கள் இருக்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். இவை அமிலத்தைச் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கும். பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் கட்டும் உயிரணுக்கள் வந்து குழியை நிரப்பும். சாய்ப்பது சில வாரம், நிரப்புவது சில மாதம். இப்படியே சுமார் பத்து வருடத்தில் உடம்பின் எலும்பெல்லாம் ஏறக்குறைய புதிதாகிவிடுகிறது.

சாய்க்கும் வேகமும் நடும் வேகமும் சமமாக இருக்கும் வரை கவலை இல்லை. சாய்ப்பது முந்திக்கொண்டால் எலும்பு சல்லடைதான். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்து, சாய்க்கும் வேலை வேகமெடுக்கிறது. நம் சகோதரிகளுக்கு ஐம்பதுக்கு மேல் எலும்பு முறிவு அதிகமாக வருவது இதனால்தான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. எலும்பைக் கட்டியபின் அதற்குள்ளேயே தங்கிவிடும் ஆஸ்டியோசைட்டுகள். எலும்பு உயிரணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவைதான். மண்டோர் மாதிரி இவை சுற்றிலும் கவனிக்கின்றன. எலும்பின் மேல் பாரம் விழுகிறதா, ஆள் நடக்கிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று உணர்கின்றன. பாரம் விழாவிட்டால் ஸ்கிளிரோஸ்டின் என்னும் ஒரு பொருளைச் சுரந்து, "நட்டது போதும், நிறுத்து" என்று கட்டும் ஆட்களுக்குச் சொல்லிவிடுகின்றன. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன நம் பெரியவர்கள் நாளெல்லாம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தால் எலும்பு இளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த கை எலும்பு, மற்றக் கையைவிட வேகமாக மெலிவதும் பெரும்பாலும் இதே வழியில்தான்.

கப்பல் கேப்டனின் கதை

நம் உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மொத்தம் சுமார் ஒரு கிலோ. மிச்சமுள்ள அந்த ஒரு பங்குக்காகத்தான் உடம்பு இவ்வளவு பாடுபடுகிறது. இதயம் துடிக்கவும், மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பவும் கால்சியம் வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தின் தெளிநீரில் ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால் கை விரல்கள் இழுக்கும், வலிப்பும் வரலாம். அதிகமானால் சோர்வு, மனத்தளர்ச்சி, மறதி. மிகவும் அதிகமானால் புத்தி தடுமாறி நினைவிழக்கும் நிலை.

அளவு குறையும்போது கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கின்றன. பொதுவாக நான்கு சுரப்பிகள், ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. இவற்றில் ஒன்றில் கட்டி வந்துவிட்டால்? அமெரிக்க வணிகக் கப்பலில் கேப்டனாக இருந்த சார்லஸ் மார்ட்டெல் என்பவருக்கு அதுதான் நடந்தது. 1920-களில் அவருடைய எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஆறடிக்கு மேல் இருந்தவர் 7 அங்குலம் குள்ளமாகிவிட்டார். பலமுறை கழுத்தைத் திறந்து பார்த்தும் கட்டி அகப்படவில்லை. கேப்டன் சும்மா இருக்கவில்லை. மருத்துவ நூலகத்துக்குப் போய்த் தன் நோயைப் பற்றித் தானே படித்தார். 1932-இல் ஏழாவது அறுவையில், போஸ்டன் நகரத்து மருத்துவமனையில், கட்டி நெஞ்சுக்குள் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் உடம்பு அதற்குள் தளர்ந்துவிட்டது. சில வாரங்களில் இறந்துபோனார். இன்று இதே நோயை ஓர் இரத்தப் பரிசோதனையில் சந்தேகித்துவிட முடிகிறது என்றால், அந்தக் கேப்டனைப் போன்றவர்கள் பட்ட பாடும் அதற்கு ஒரு காரணம்.

ஆக, எலும்பு மூளைக்குக் கால்சியம் சேர்த்து வைத்திருக்கும் கிடங்கு. இது மனிதர்களிடம் நிரூபணமான செய்தி. இனி வருவது பெரும்பாலும் எலிகளிடம் பார்த்தது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொழுத்த எலிகள் சொன்ன செய்தி

1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். உடம்பின் கொழுப்பு இதைச் சுரந்து, "போதும், சாப்பிட்டது போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. லெப்டின் இல்லாத எலிகள் தின்று தின்று உருண்டை ஆகிவிடும். 2000-ஆம் ஆண்டில் ஜெரார்ட் கார்சென்ட்டி என்பவரின் குழு இந்த எலிகளில் ஒரு புதுமையைக் கண்டது. எலும்பு மெலிந்திருக்க வேண்டிய எலிகளுக்கு எலும்பு அதிகமாக இருந்தது! மூளைக்குள் நேராக லெப்டினைச் செலுத்தியபோது எலும்பு குறைந்தது. அதாவது உத்தரவு மூளை வழியாக எலும்புக்குப் போகிறது.

எந்த வழியாக? பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அந்தப் படபடப்பைக் கொண்டுவரும் பரிவு நரம்புகள் எலும்புக்குள்ளும் ஓடுகின்றன. அதே குழு 2002-இல், இந்த நரம்புகளின் செய்தியைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது எலும்பு கூடியதைக் காட்டியது. இந்த வகை மருந்தை நம்மில் சிலர் இரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ சாப்பிடுகிறார்கள். அதற்காக எலும்புக்கென்று யாரும் இதைக் கேட்டு வாங்க வேண்டாம். ஆஸ்துமாக்காரருக்கு இது மூச்சை அடைத்துவிடும்.

இது மூளை எலும்புக்கு அனுப்பும் செய்தி. பதிலுக்கு எலும்பு ஏதாவது அனுப்புகிறதா?

கட்டும் உயிரணுக்கள் ஆஸ்டியோகால்சின் என்றொரு சிறு புரதத்தைச் செய்கின்றன. 1970-களின் நடுவில் கண்டுபிடித்தது. மனிதனுடையதில் 49 அமினோ அமிலங்கள் கோத்த மணிமாலை போல இருக்கும். பச்சைக் கீரையில் இருக்கும் வைட்டமின் கே உதவியால்தான் இது எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. எலும்பு கரையும்போது ஒரு பகுதி விடுபட்டு இரத்தத்தில் ஓடுகிறது. வெகுகாலம் இதை எலும்பிலிருந்து உதிரும் தூசி மாதிரிதான் பார்த்தார்கள். 2007-இல் கார்சென்ட்டி குழு, எலிகளின் இரத்தச் சர்க்கரையை இது கட்டுப்படுத்துகிறது என்றது. 2013-இல் இன்னும் பெரிய செய்தி சொன்னது. ஆஸ்டியோகால்சின் இல்லாத எலிகள் எதற்கெடுத்தாலும் மிரண்டன. தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் திட்டை நீந்திக் கண்டுபிடிக்கும் பரீட்சையில் தடுமாறின. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி அவற்றுக்குச் சிறுத்திருந்தது. தாய் எலியின் ஆஸ்டியோகால்சின் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போய், குட்டியின் மூளை வளர்ச்சிக்கும் உதவுகிறது என்றும் சொன்னார்கள். 2017-இல், மூளையில் இந்தப் புரதம் வந்து சேரும் பூட்டு ஒன்றையும் அடையாளம் காட்டினார்கள். கிழட்டு எலிகளுக்கு ஆஸ்டியோகால்சின் கொடுத்தபோது நினைவாற்றல் தேறியதாம். 2019-இல், பயம் வந்த சில நிமிடங்களில் இரத்தத்தில் இது ஏறுகிறது என்று கண்டார்கள். எலியிடம் மட்டுமல்ல, பலர் முன்னால் பேச நிறுத்தப்பட்ட மனிதர்களிடமும் ஏறியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "எலும்பு பலமா இருந்தா புத்தி பலமா இருக்கும்" என்று விளம்பரம் எழுத இதைவிட என்ன வேண்டும்? அங்கேதான் நிற்க வேண்டும்.

2020-இல் இரண்டு வேறு குழுக்கள், ஒன்று அமெரிக்காவிலும் ஒன்று ஜப்பானிலும், ஆஸ்டியோகால்சின் இல்லாத எலிகளைப் புதிதாக உருவாக்கிப் பார்த்தன. இரத்தச் சர்க்கரை சரியாகவே இருந்தது. ஆண் எலிகளின் இனவிருத்தி பற்றி முன்பு சொல்லப்பட்ட குறையும் காணப்படவில்லை. ஜப்பானியக் குழு பார்த்தது, எலும்பின் உள்ளே உள்ள கனிமத் துகள்களை ஒரே திசையில் அடுக்குவதற்கு இந்தப் புரதம் வேண்டும் என்பதைத்தான். ஒரே புரதம், ஒரே மாதிரி எலி, முடிவு மட்டும் வேறு வேறு. எலியின் வம்சம், தீனி, மரபணுவை வெட்டிய இடம் என்று காரணங்களைத் தேடுகிறார்கள். மூளையைப் பற்றிச் சொன்னதை இந்த இரண்டு குழுக்களும் நேராகச் சோதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் அபிப்பிராயம் கேட்டால், சர்க்கரை விஷயத்தில் அடித்தளம் ஆட்டம் கண்ட பிறகு, மூளை விஷயத்தை வேறு ஆட்கள் திரும்பச் செய்து காட்டும் வரை பொறுத்திருப்பதே நல்லது. அதுவரை "எலும்புச் சத்து மாத்திரை, ஞாபகசக்திக்கு" என்று யாராவது நூறு வெள்ளிக்கு ஒரு டப்பாவை நீட்டினால் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஒரே இரவில் வலி போக்கும் மருந்து

இப்போது நான் முன்பு சொன்ன விஷயம். இதில் எலி இல்லை, சந்தேகமும் இல்லை.

1932-இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஒரு நோயை விவரித்தார். மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி. அதனால் முகம் நிலா மாதிரி உருண்டுவிடும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும். எலும்பு நொறுங்கும், மனமும் கலங்கும். காரணம், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஸ்டீராய்டு என்னும் பொருளை அளவுக்கு மீறிச் சுரப்பது.

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், மூட்டு வீங்கி முடங்கிக் கிடந்த ஒரு நோயாளிக்கு இந்த வகை மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார்! உலகமே கைதட்டியது. 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. மருந்தாகச் சாப்பிட்டவர்களுக்கும் அதே நிலா முகம், அதே நொறுங்கும் எலும்பு, அதே மனக்கலக்கம்.

நம் மறுநடவுக் கதையில் வைத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு கட்டும் ஆட்களைச் சாகடிக்கிறது, சாய்க்கும் ஆட்களின் ஆயுளை நீட்டுகிறது. குடலில் கால்சியம் ஏறுவதையும் குறைக்கிறது. எலும்பு மிக வேகமாகக் குறைவது முதல் சில மாதங்களில்தான். மூளையிலோ, முதலில் ஒரு பொய்த் தெம்பு. "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்பார்கள். பிறகு தூக்கம் போகும், எரிச்சல் வரும், சிலருக்கு மனச்சோர்வு, சிலருக்கு மறதி, சிலர் சம்பந்தமில்லாமல் பேசவும் செய்வார்கள். குடும்பத்தார் அதை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டு மந்திரிக்கப் போவார்கள்.

டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்தால் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தில் இருப்பது மிகச் சிறிய அளவு, அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆபத்து, பெயர் சொல்லாமல் கலந்து விற்பதில் இருக்கிறது. மூட்டுவலிக்கு ஜாமு, மாஜுன், மூலிகை மாத்திரை என்று விற்ற பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற கடுமையான ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசியச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததை வாங்கவே வேண்டாம். எண்ணைப் போலியாக அச்சடிப்பதும் உண்டு. ஆகவே இன்னொரு அடையாளம்: பல வருட வலி ஒரே இரவில் மறைந்து, பசி பயங்கரமாக எடுத்தால் சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையை இன்றிரவே குப்பையில் போட்டுவிடாதீர்கள். இது முக்கியம். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் நம் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்து. டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். "எவ்வளவு நாளா சாப்பிடுறேன், ஒரு நாளைக்கு எத்தனை" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். நாட்டுக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். திட்டுவார்களோ என்று கூச்சப்பட வேண்டாம்.

வேறு சில மருந்துகளும் மூளைக்கென்று கொடுக்கப்பட்டு எலும்பைத் தொடுகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் போன்றவை உடம்பின் வைட்டமின் டி-யை வேகமாகச் செலவழித்துவிடும். மாத்திரையை நிறுத்தக்கூடாது, எலும்பைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். தூக்க மாத்திரை எலும்பைத் தொடாது, ஆனால் இரவில் எழுந்து போகும்போது ஆளைத் தள்ளிவிடும். சம்சு இரண்டையும் செய்யும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 1,200. ஒரு கிளாஸ் பாலில் சுமார் 300, நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் நல்லவை. நெத்திலியின் உப்பை நன்றாகக் கழுவிவிடுங்கள். டின் பால் ஊற்றிய தேநீரைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் சீனிதான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. வீட்டிலேயே இருக்கும் பெரியவர்கள் காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் நடக்கட்டும். வெயில் வைட்டமின் டி-க்கு, நடை ஆஸ்டியோசைட்டுகளுக்கு.

பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, இரண்டாம் மூன்றாம் நாளில் திடீரென்று மகனையே அடையாளம் தெரியாமல் பேசுவதுண்டு. இராத்திரியில் எழுந்து ஓடப் பார்ப்பார். வயதானவர்களிடம் இது அடிக்கடி நடப்பது. வலி, கிருமி, மருந்து, நீர்ச்சத்துக் குறைவு, இரத்தத்தின் உப்பு அளவு என்று காரணங்கள் பல, சரிசெய்யக்கூடியவையும் பல. "நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரு, இன்னிக்கு இப்படி பேசுறாரு" என்று தாதியிடம் உடனே சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி, காது கருவி இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதிக் கலக்கம் அடங்கும்.

வேலை நேரத்தில் மரத்தடியிலோ வடிகாலிலோ விழுந்து முறிந்தால், "வயசாச்சு, எலும்பு ஏற்கெனவே வீக்" என்று யாராவது சொல்லி விஷயத்தை அமுக்கப் பார்க்கலாம். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. எலும்பு எப்படி இருந்தது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். விழுந்த இடம், நேரம், பார்த்தவரின் பெயர், இந்த மூன்றையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.